எத்திராஜ் சொன்ன ‘ஆச்சு’

பகல் சாப்பாட்டு மணி அடித்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. இராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில், கப்பலேற வேண்டிய தோல் கட்டுகளுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். தண்டையார்பேட்டைப் பட்டறையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். “சார், நம்ம எத்திராஜ் பூட்டாரு. காலைல ஒம்போது மணிக்கு” என்றார். பேனாவைக் கீழே வைத்தேன். பத்து வருஷத்துக்கு மேல் பழகிய சிநேகிதர் இறந்துவிட்டார் என்ற சேதி காதில் விழுந்த அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. ‘அப்பாடா, இனி அவருக்குத் தெரியப்போவதில்லை’ என்ற நிம்மதிதான் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அஞ்சலியை இப்படி யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும். எங்கள் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு எத்திராஜ் அவர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். ‘நீங்கதான் அவருக்கு உயிர்த் தோழர், உங்களை விட்டால் யார் எழுதுவார்’ என்றார்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது. அடங்கினாலும், அவருடைய நல்ல குணங்களை வரிசையாக எழுதிக் கீழே சம்பந்தம் என்று என் பெயரைப் போட்டுக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. அவருக்கு நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லாமலே அவரைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எத்திராஜ் அவர்கள் வியாசர்பாடிக்காரர். நல்ல உயரம், கறுத்த தேகம், பெரிய கைகள். தண்டையார்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடி மைதானத்தில் பந்து ஆடுவார். கோலுக்கு முன்னால் அவர் நின்றால் எதிராளிகள் பந்தை வேறு பக்கம் தட்டிக்கொண்டு போவார்கள். நேரில் நாங்கள் ‘நீ, வா, போ’ என்றுதான் பேசிக்கொண்டோம். இப்போது எழுத்தில் ‘அவர், இவர்’ என்று மரியாதை கொடுக்கிறேன். செத்தவருக்கு மரியாதை கொடுக்க என்ன சிரமம்? ஒரு ‘ர்’ சேர்த்தால் போதும்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். எங்கள் கிடங்கில் பளு தூக்கும் சங்கிலிக் கப்பி சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்யப் பட்டறையிலிருந்து வந்தவர் எத்திராஜ். நான் அப்போது புதுக் குமாஸ்தா. கையெழுத்துப் போடத் தெரிந்த திமிர் எனக்கு. “கொஞ்சம் நில்லுய்யா, வரேன்” என்று அரைமணி நேரம் அவரை நிற்கவைத்தேன். அவர் நிற்கவில்லை. கிடங்குக்குள் உலாவப் போய்விட்டார். தேடிக்கொண்டு போனால், மூலையில் கித்தான் மூடிக்கிடந்த ஒன்றின் முன்னால் குந்தியிருந்தார்.

“கிளார்க்கு, இது இன்னான்னு தெரியுமா உனுக்கு?”

தெரியாது. குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியான அந்த வருஷத்தில், எங்கள் கிடங்கின் வெள்ளைக்கார மேற்பார்வையாளர் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. அவர் வாங்கும்போதே பழசு என்பார்கள். கடல் உப்புக்காற்று அதைத் தின்று முடித்திருந்தது. பெட்ரோல் டாங்கியில் கை வைத்தால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. நான் “பழைய இரும்பு” என்றேன்.

“இரும்பா? வாய கழுவு. இது குதுர. படுத்துகினு கீது, அவ்ளோதான்” என்றார்.

பழைய சாமான் ஏலத்தில் அந்த வண்டியும் வந்தது. எப்போது ஏலம் என்று எனக்குத் தெரியும். அதில் எது செத்தது, எது பிழைக்கும் என்று அவருக்குத் தெரியும். இருவருமாகச் சேர்ந்து எடுத்தோம். கை வண்டியில் ஏற்றித் தண்டையார்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பட்டறை மேஸ்திரி கபூர் பாய் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்ப்பா, இத அடக்கம் பண்ண எடமில்லாமயா இங்க இஸ்துகினு வந்தீங்க?” என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையின் பின்புறத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

ஒப்பந்தம் இதுதான்: அவர் வண்டியை உயிர்ப்பிப்பார், நான் கூட நின்று எடுபிடி செய்வேன், ஓடத் தொடங்கியதும் இருவரும் ஓட்டக் கற்றுக்கொள்வோம். மோட்டார் சைக்கிளில் அதற்கு முன் நாங்கள் இருவருமே ஏறியதில்லை.

ஏறத்தாழ ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷத்தில்தான் அவரை நான் தெரிந்துகொண்டேன். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் கோணிப்பையின்மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். நான் தெரியாமல் தாண்டிவிட்டால் கெட்ட கோபம் வரும். “கயட்றது எந்தப் பேமானியும் கயட்டுவான். மாட்றவன்தான் மெக்கானிக்கு” என்பார். ஒரு வாஷர் குறைந்தது என்று மத்தியானச் சோற்றை விட்டுவிட்டுத் தரையைப் பெருக்கித் தேடினார். அது என் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது. அன்று அவர் வாயிலிருந்து வந்ததைப் படிப்பகத்துப் பத்திரிகையில் எழுத முடியாது.

கிளட்சுத் தட்டில் அந்தக் காலத்தில் கார்க்குத் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். அவை மக்கிப் பொடியாகிவிட்டன. புதுசுக்கு எங்கே போவது? “பாட்டிலுக்கு மூடி வெக்கிற அதே கார்க்குதாம்பா. ஆஸ்பத்திரி கம்பவுண்டர்ட்ட கேளு” என்றார். நான் ஒவ்வொரு கம்பவுண்டராகப் போய் மருந்துச் சீசாக் கார்க்குகளைப் பிச்சை கேட்டேன். மதுவிலக்கு வரப்போகும் சமயம் அது, ஒரு கம்பவுண்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “சாராயம் காய்ச்சுறியா?” என்று கேட்டார். எத்திராஜ் அந்தக் கார்க்குகளைக் கொதிநீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டில் இறுக்கி, அரத்தால் ஒரே மட்டத்துக்குத் தேய்த்தார். எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்காத நாளில் விளக்கெண்ணெய் ஊற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி முதன்முதலாகப் படபடத்தபோது பட்டறை முழுக்க விளக்கெண்ணெய் வாசனை. கபூர் பாய் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்து எத்திராஜைக் கட்டிக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். அந்த வண்டியின் இடது கைப்பிடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு லீவர் உண்டு. டைமிங் லீவர் என்போம். ஓடும்போது அதை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். நிறுத்தியதும் பின்னால் இழுத்து இறக்கிவிட வேண்டும். இறக்காமல் கிக்கரை உதைத்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும். உதைத்தவன் கால் எலும்பு தாங்காது.

அதற்காக எத்திராஜ் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். துறைமுகத்தில் கிரேன் கொக்கியைச் சரக்கில் மாட்டுகிறவன் “மாட்டியாச்சு!” என்று கத்துவான். மேலே கிரேனில் இருப்பவன் “ஆச்சு!” என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தூக்குவான். கீழே நிற்பவர்கள் உயிர் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. சொல்லாததைச் சொன்னதாகவோ, சொன்னதைச் சொல்லவில்லை என்றோ சொல்பவனுக்குத் துறைமுகத்தில் ஒருவரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். அதையே எங்கள் வண்டிக்கும் வைத்தார். லீவரை இறக்குகிறவன் “ஆச்சு” என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவன் “ஆச்சு” என்று ஏற்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் லீவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. “ஆச்சுன்னப்பறம் பாத்தா, தோஸ்த்த நம்பலன்னு அர்த்தம்” என்பார்.

ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கலாம்; அவருக்கும் அது பிடித்த கதை. விடிந்ததும் காசிமேட்டுப் பக்கம் கடலோரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போவோம். அவர் இரண்டே வாரத்தில் ஓட்டிவிட்டார். எனக்குச் சைக்கிள் புத்தி. பயம் வந்தால் காலைத் தரையில் ஊன்றுவேன். ஒரு நாள் பிரேக் எது, கியர் எது என்று தடுமாறி, காலை ஊன்றியபடியே போய்க் காயப்போட்டிருந்த கருவாட்டுப் பாயின் நடுவில் விழுந்தேன். மீன்கார அம்மாள் ஒருத்தி துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

“டேய் கஸ்மாலம்! கண்ணு இன்னா பொடனிலயா கீது? நாலு நாளா காஞ்ச மீனுடா!”

எத்திராஜ் கைகூப்பினார். “யம்மா, கோச்சிக்காத. எல்லாத்தியும் நாங்களே அடுக்கித் தர்றோம்” என்றார். வெயில் ஏறும்வரை இருவரும் மணலில் குந்திக் கருவாடு அடுக்கினோம். அவர், மீன் தலையெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி, இடைவெளி பார்த்து, பட்டறையில் சாமான் அடுக்குகிற மாதிரியே அடுக்கினார். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத்தினி வருசத்துல எங்கூட்டு ஆம்பள ஒரு தபா இப்டி அடுக்கினது கெடையாது. நீ தெனம் வந்து வியு நைனா” என்றாள். ஆபீசுக்கு நான் கருவாட்டு நாற்றத்தோடு போனேன். சந்தோஷமாகத்தான் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு உத்தரவு வந்தது. எத்தனை நாள் ஆசை! மரகதத்தை அப்போதுதான் கல்யாணம் செய்திருந்தார். “மேல ஏறி குந்திகினா கப்பலு, கடலு, உன் கெடங்கு எல்லாம் கைக்கு அடக்கமா தெரியும். மேலேந்தே உனுக்கு விசிலடிப்பேன் கிளார்க்கு” என்றார். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும்.

இனி நான் எழுதப்போவதுதான் நான் எழுத வந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டியை ஓட்டிவிட்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினோம். எத்திராஜ் லீவரை இறக்கினார். “ஆச்சு” என்றார். நான் பக்கத்தில் நின்று “ஆச்சு” என்றேன். அவர் கை கழுவ உள்ளே குழாயடிக்குப் போனார். இதில் எனக்கு இன்றுவரை ஒரு துளி சந்தேகமும் கிடையாது. அவர் சொன்னார். எனக்குக் கேட்டது. நான் ஏற்றேன்.

அந்நேரம் எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா குடும்பத்தோடு திருவொற்றியூர்க் கோயிலுக்குக் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். எனக்குச் சம்பள உயர்வுக்கு அவர்தான் சிபாரிசு எழுத வேண்டும்.

“என்ன சம்பந்தம், மோட்டார் சைக்கிள் எல்லாம்! கிடங்கில் கிடந்ததே, அதுவா?”

“ஆமா சார்.”

“யார் ரிப்பேர் பண்ணினது?”

“நான்தான் சார், ஞாயித்துக்கிழமைல வந்து…” என்றேன். நாக்கு கூசவில்லை. குதிரை வண்டியிலிருந்து அவர் வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மோட்டார் சைக்கிள்மேல் ஏறி உட்கார்ந்தேன். கியர் இது, பிரேக் இது என்று காட்டினேன். “இது எதற்கு?” என்று அவர் கேட்டார். “இதுதான் சார் டைமிங். வேகமாப் போக இதை இப்படித் தள்ளணும்” என்று லீவரை முன்னால் முழுக்கத் தள்ளிக் காட்டினேன். திரும்ப இறக்கவில்லை. என் ஞாபகமெல்லாம் அந்தப் பெண்கள் என்னைப் பார்க்கிறார்களா என்பதில் இருந்தது.

“எங்கே, கிளப்பு பார்ப்போம்” என்றார் அவர்.

எனக்குக் கிக்கர் உதைக்க இன்னும் சரியாகப் பழகவில்லை. நாலு தடவை உதைத்தும் கிளம்பாவிட்டால் மானம் போகும். இறங்கி நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். “எத்திராஜ், வந்து வண்டியைக் கிளப்பு.” தோழனைக் கூப்பிடும் குரல் அல்ல அது. ஆளைக் கூப்பிடும் குரல். அவர் வேட்டியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். குதிரை வண்டியையும் பார்த்தார். புரிந்துகொண்டிருப்பார். லீவரைப் பார்க்கவில்லை. நான் ஆச்சு சொல்லியிருந்தேனே, ஏன் பார்க்கப் போகிறார்? நேராகக் கிக்கரில் காலை வைத்து முழு பலத்தோடு உதைத்தார்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. அவர் தரையில் கிடந்தார். வலது முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. குதிரை வண்டியில் பெண்கள் அலறினார்கள். எத்திராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, காலை அல்ல, லீவரைப் பார்த்தார். அது முன்னால் நின்றது.

“சம்பந்தம்… நான் எறக்கினேன்ல? ஆச்சுன்னேனே?”

தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது லீவரா விசிலா என்றுகூடத் தெரியாது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான். நான் சொன்னது இது:

“நீ சொல்லலியே எத்து. மறந்துட்ட போல.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “அப்டியா? சொன்ன மாரி இருந்துதே… மறந்துட்டேன் போல கீது” என்றார். தன் காதைவிட, தன் கையைவிட, என் வாயை அவர் நம்பினார். சீ, நானும் ஒரு மனுஷன்!

மாவுக்கட்டுப் போட்டு மூன்று மாதம் படுத்திருந்தார். நான் தினமும் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். பத்திரிகை படித்துக் காட்டினேன். ஊரில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். “சிநேகிதம்னா இவங்களப் போல கீணும்” என்று வியாசர்பாடியில் பேசிக்கொண்டார்களாம். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். அவர் சிரித்த முகத்தோடு “வா கிளார்க்கு, குந்து” என்பார். சொல்லாமல் திரும்புவேன்.

துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. நல்ல மனிதர்கள். கால் குணமாகும்வரை இடத்தைக் காலியாகவே வைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். எனக்குத் தலைமேலிருந்த பாறாங்கல் இறங்கியது. கால் சேரும், கிரேன் ஏறுவார், எல்லாம் சரியாகிவிடும், நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன்.

எத்திராஜ் ஆங்கிலத்தில் பதில் எழுத என்னைக் கூப்பிட்டார். காகிதம், பேனாவோடு கட்டிலருகே உட்கார்ந்தேன்.

“வேல வாணான்னு எளுது” என்றார்.

“ஏன்? கால் சரியாய்டும்னு டாக்டரே சொல்லிட்டாரே!”

“கால் இல்லப்பா. தல. லீவர எறக்காமயே எறக்கிட்டேன்னு என் தல என்னாண்ட சொல்லிச்சு பாரு. ஆச்சுன்னு சொல்லாமயே சொன்னேன்னு என் காதுக்கே கேட்டுது பாரு. நீ ஆச்சுன்னதுகூடக் கேட்டா மாரியே இருந்துது. இந்தத் தலய வெச்சிகினு கிரேன்ல ஏறலாமா? கீய பத்து பேரு நிப்பான். அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீது. என் கால்தானே போச்சு, நல்லதாப் போச்சுன்னு வெச்சுக்கோ. எளுது.”

அருகில் மரகதம் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். என் பேனா நின்றுவிட்டது. இதைவிட நல்ல ஒரு சமயம் கடவுள்கூட எனக்குக் கொடுத்திருக்க முடியாது. “எத்து, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“இன்னா?”

அவர் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. அந்தக் கண்களில் என்மேல் எவ்வளவு நம்பிக்கை!

“ஒண்ணுமில்ல. தேதி என்ன போடறது?” என்றேன்.

அந்தக் கடிதத்தை என் கையாலேயே எழுதினேன். உடல்நிலை காரணமாக என்று எழுதினேன். அவர் தடுத்தார். ஞாபகம் சரியில்லாத காரணத்தால் என்று இருக்க வேண்டும் என்றார். பொய் எழுதக் கூடாதாம். அப்படியே எழுதினேன். பிழையில்லாத இங்கிலீஷ். கீழே அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அதன் பிறகு பத்து வருஷம் அதே பட்டறையில், அதே மேஜையில், அரம் பிடித்து நின்றார். கால் சேர்ந்தது, கொஞ்சம் இழுத்து நடப்பார். பந்தாட்டம் போயிற்று. வண்டியை இரண்டு வருஷம் நாங்கள் வைத்திருந்தோம். கிக்கரை நான் உதைப்பேன், நான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்காருவார். எண்ணூர் வரை போவோம், நெட்டுக்குப்பத்தில் கழிமுகத்தருகே நின்று பீடி குடிப்போம், திரும்புவோம். வெளியே பார்க்கிறவர்களுக்கு நல்ல ஜோடி. ஆனால் நான் லீவரை இறக்கி “ஆச்சு” என்ற பிறகும், பின்னாலிருந்து அவர் கழுத்தை நீட்டி ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை பார்ப்பார். “உன்ன நம்பாம இல்லப்பா. என் கண்ண நம்பாமத்தான்” என்பார். ஒரு நாள் தாங்க முடியாமல் வண்டியைச் செங்குன்றத்துக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு ‘உதிரி சாமான் கிடைப்பதில்லை’ என்றேன். அதுவும் பொய்.

அந்தச் சந்தேகம் அவரை விடவே இல்லை. பட்டறையில் ஒரு மரையை முடுக்கினால் மூன்று தடவை முடுக்கிப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மருந்து என் வாயில் இருந்தது. கொடுக்கவில்லை. வருஷம் ஆக ஆக, இனிமேல் சொன்னால் ‘ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை’ என்று கேட்பாரே என்ற பயம் சேர்ந்துகொண்டது. பழைய குற்றத்துக்கு நாளாக ஆகக் கனம் கூடுகிறது ஐயா, குறைவதில்லை.

கடைசியில் மஞ்சள் காமாலை. பதினைந்தே நாள். நான் போய்ப் பார்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. “மருந்து சாப்ட்டேனான்னு மரகதத்தக் கேளு கிளார்க்கு. எனுக்கு நெனவு நிக்காது, தெரியும்ல?” என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. முப்பத்தெட்டு வயதுகூட நிரம்பவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பட்டறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கபூர் பாய் எழுந்து பேசினார். வயதான மனிதர். “நம்ம எத்திராஜ் தப்பு பண்ணினா ஒத்துக்குவான். ‘நான் ஒரு தபா மறந்தேன், கால் போச்சு, நீங்க மறக்காதீங்கடா’ன்னு புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் சொல்லுவான். தன் தப்ப தானே எடுத்துச் சொல்ற மனுசன் எங்க கெடைப்பான்?” என்றார். கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்து என்னை அழைத்தார்கள். எழுந்தேன். ‘மேஸ்திரி சொன்னது உண்மை’ என்று ஆரம்பித்தேன். ‘தன் பிழையை ஒப்புக்கொள்ளும் உயர்ந்த உள்ளம்’ என்று பேசினேன். கை தட்டல்கூட வாங்கியிருப்பேன், இரங்கல் கூட்டமாக இல்லாவிட்டால். செத்துப்போனவர்மேல் மறுபடியும் அதே பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வியாசர்பாடிக்கு நடந்தேன். மரகதம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். “வாண்ணா” என்று பாயை விரித்தார்கள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லீவரை இறக்கியது, ஆச்சு என்றது, நான் ஏற்றது, தள்ளியது, பொய் சொன்னது, கடிதம் எழுதியது. ஒன்றும் விடவில்லை.

நான் எதிர்பார்த்தது செருப்படி. வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். மரகதம் முறத்தை மெல்லக் கீழே வைத்தார்கள். கண்ணீர் அதிலிருந்த அரிசியில் விழுந்தது.

“கால் போனதுக்கு அழலண்ணா நானு” என்றார்கள். “வேல போனதுக்குக்கூட அழலாம், பசி தெரிஞ்சவ நானு, அதுவும் போவட்டும். ஆனா பத்து வருசமாச்சே! பூட்ட இஸ்து இஸ்துப் பாக்கும். நான் வையுவேன். ‘காலே போற மாரி மறந்த மனுசன் பூட்டயா நெனப்பு வெச்சிக்கப் போற’ம்பேன். உப்பு வாங்கியாரலன்னா அதயே சொல்லுவேன். புள்ளைங்க எதுருல சொல்லுவேன். அது சிரிச்சிகினே, ‘ஆமாமா, எனுக்கு மறதி’ங்கும். எத்தினி தபா சொல்லிக் காட்டினேன்! உம் பேச்ச நம்பித்தானேண்ணா சொன்னேன்? மறக்காத மனுசன மறந்தவன்னு பேச வெச்சிட்டியே என்ன!”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் உடைத்தது கால் மட்டுமல்ல, அந்த வீட்டுக்குள்ளேயும் நான் பத்து வருஷம் உட்கார்ந்து அவரை வைதுகொண்டிருந்திருக்கிறேன் என்று. மரகதத்தின் வாயால் வைதேன். அவர்கள் பிள்ளைகளின் காதுக்கும் அது போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

“எங்கிட்ட கேக்காத. மொதல்ல பட்டறைக்குப் போ. நேத்து எங்க நின்னு பேசினியோ அங்கியே நின்னு சொல்லு. மேஸ்திரிக்கும் சொல்லு, புதுசா வந்தவனுங்களுக்கும் சொல்லு. எம் புள்ளைங்களுக்கு நீயே வந்து சொல்லு. அப்பால எழுதிப் போடு, படிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் படிக்கட்டும். நான் சொல்லிக் காட்டினதயும் சேத்து எழுது. அது வரிக்கும் இந்த வூட்டாண்ட வராத.”

பட்டறைக்குப் போனேன். சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை, யாரும் என்னோடு பேசவும் இல்லை. கபூர் பாய் மட்டும், “அவன் கையப் பத்தி எனுக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சுப்பா. ஆனா நீ சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளைகளிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும் விட்டேன்.

அன்று மரகதம் வீட்டு வாசலைவிட்டு நான் இறங்கியபோது ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அவர்கள் உள்ளே கொடியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்து மடிமேல் போட்டுக்கொண்டு, அதன் கைப்பகுதியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். “நீ மறக்கலியாம்யா. கேட்டியா? நீ மறக்கவே இல்லியாம்” என்று அந்தச் சட்டையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அதை அவர் காதால் கேட்டிருக்க வேண்டும். எத்து, உன் கை மறக்கவில்லை, உன் காது பொய் சொல்லவில்லை. நீ கிரேன் ஏறியிருக்க வேண்டியவன். லீவரைத் தள்ளியது நான்தான். போய் வா.